வெளிநாட்டமைச்சரின் விடை

கமத்தொழிலமைச்சர் ஒருவர் பாராளுமன்றத்தில் எழுந்து, இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டுச் செப்பனிடப்பட்டுவிட்டதென்று விடையிறுப்பாராயின், அதன் உண்மையை அறிதல் எவர்க்கும் அரிதன்று. கிளிநொச்சிக் கமக்காரர் ஒருவர் அதிகாலையில் வயலுக்குப் போகும் வழியிலேயே அதனைக் கண்டுவிடுவார். அமைச்சர் கூறியது பொய்யாயின் அடுத்த வாரமே அத்தொகுதியின் உறுப்பினர் எழுந்து, 'நான் நேரிற் பார்த்து வந்தேன்' என்பார். கல்வியமைச்சர் ஆசிரியர் நியமனம் பற்றிக் கூறும் கணக்கைப் பாடசாலையின் வரவு இடாப்பே மறுத்துரைக்கும். வெளிநாட்டமைச்சரின் நிலை அத்தகையதன்று. அடைத்த கதவுக்குப் பின்னே அயல்நாட்டுத் தூதுவரோடு அவர் யாது பேசினார், எதற்கு உடன்பட்டார், எதனை எழுத்திற் கொடுத்தார் என்பன அவர்க்கும் அத்தூதுவர்க்குமே தெரிந்தவை. அவர் சொல்லுக்கு அவர் சொல்லே சான்று. ஆதலின், ஏனைய அமைச்சரிடத்து நாம் எதிர்பார்க்கும் வாய்மையினும் மிக்கதொரு வாய்மையை அவரிடத்து எதிர்பார்த்தல் முறையாகும் என்பது எமது கருத்து. உலக வழக்கோ இதற்கு நேர்மாறாக, நாட்டின் நலம் என்னும் ஒரு சொல்லைக் காட்டி, அவர்க்கு மட்டும் சற்றுத் தளர்ந்த வாய்மையை அனுமதித்து வந்திருக்கின்றது.

வினா நேரம் என்னும் வழக்கம் நமக்குப் பிரித்தானியரிடமிருந்து வந்தது. உறுப்பினர் தம் வினாவை முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பர். திணைக்களத்து உத்தியோகத்தர் விடையை எழுதிக் கொடுப்பர். அமைச்சர் அதனை வாசிப்பார். இம்மட்டில் அது ஒரு கடிதப் போக்குவரத்தே யன்றி வேறன்று. அதன்பின் எழுப்பப்படும் துணைவினாவிலேதான் அம்முறையின் உயிர் இருக்கின்றது. அதற்கு எழுதிய விடை கிடையாது. சபை முழுவதும் பார்த்திருக்க, அமைச்சர் தாமே நின்று சொல்லவேண்டும். அமைச்சரின் முகம் எப்பொழுது மாறிற்று என்பதை ஹன்சாட் பதிவு செய்வதில்லை. ஆனால் எதிர்வரிசையில் இருந்தவர்கள் அதனைக் கவனியாது விடுவதுமில்லை.

இனி, சரித்திரத்திலிருந்து இரண்டு விடைகளை எடுத்து ஆராய்வோம்.

சேர் எட்வேட் கிறே என்பார் 1905 டிசெம்பர் தொடக்கம் 1916 டிசெம்பர் வரை பிரித்தானியாவின் வெளிநாட்டமைச்சராக விளங்கியவர். பறவைகளின் குரலிலும் தூண்டிற்கலையிலும் உள்ளம் தோய்ந்தவர். இரண்டைப் பற்றியும் நூல் எழுதியவர். நேர்மையாளர் என்று தம் நாட்டாரிற் பெரும்பாலாரால் மதிக்கப்பட்டவர். அவர் பதவியேற்றதை அடுத்து, 1906 சனவரியில், ஆங்கிலப் படைத்துறையினரும் பிரான்சியப் படைத்துறையினரும் செருமனியோடு போர் மூளின் யாது செய்வதென்று தம்முட் பேசத் தொடங்கினர். இதனை மந்திரிசபை முழுவதும் அறிந்தது 1911 இலேதான். 1912 நவம்பரில் கிறேயும் பிரான்சியத் தூதுவர் கம்போனும் கடிதங்கள் மாற்றிக்கொண்டனர். இப்பேச்சுக்கள் எவ்வரசையும் கட்டுப்படுத்தமாட்டா என்று அவற்றிலே தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆயினும் அதே காலத்தில் பிரான்சியக் கடற்படை மத்தியதரைக் கடலிலே திரட்டப்பட்டது. பிரான்சின் வடகரை காவலின்றிக் கிடந்தது. எவரை நம்பி அவ்வாறு விடப்பட்டதென்று கேட்க வேண்டியதில்லை.

பாராளுமன்றத்திற்கு ஐயம் எழாமலில்லை. பைல்ஸ், கிங் என்னும் பின்வரிசை உறுப்பினர் இருவர் 1913 மார்ச்சில் இதுபற்றி வினவினர். பிரதமர் அஸ்குவித், சபையின் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் வெளிப்படுத்தப்படாத உடன்படிக்கை எதுவும் இல்லை என்றார். 1914 யூன் 11 ஆம் நாள் அவ்விருவருமே மறுபடியும் எழுந்தனர். இம்முறை அவர்கள் கேட்டது இருசியாவோடு கடற்படை உடன்பாடு உண்டா, அதற்கான பேச்சு நடைபெறுகின்றதா என்பது. அத்தகைய பேச்சுக்கு மந்திரிசபை அதற்கு முந்திய மாதத்திலேயே இசைந்திருந்தது. கிறே என்ன சொன்னார்? பிரதமர் சென்ற ஆண்டு கூறிய விடை அன்றுபோல் இன்றும் உண்மையே. அதன் உண்மையைக் குறைக்கத்தக்க பேச்சு எதுவும் முடிவாகவுமில்லை, நடைபெறவுமில்லை என்பது அவர் விடையின் சாரம். அவ்விடையிலே பொய் ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்கு விடையும் அதிலில்லை. இதனை நாம் கூறவில்லை. 1925 இல் வெளிவந்த தம் நினைவுநூலிற் கிறே தாமே இவ்விரண்டையும் ஒப்புக்கொண்டிருக்கின்றார்.

பாரதக் கதை பயின்ற நமக்கு இது புதிதன்று. துரோணர் வினாவியபோது, இறந்தது யானையென்பதை மெல்லிய குரலிற் சொல்லி அசுவத்தாமா இறந்தான் என்பதை உரக்கச் சொன்னான் தருமன். சொற்களைத் தனித்தனியே எடுத்துப் பார்ப்பின் ஒவ்வொன்றும் மெய். எனினும், அதுவரை நிலம் தோயாது ஓடிய அவன் தேர் அக்கணமே மண்ணிற் படிந்ததென்று கதை கூறுகின்றது. கிறேயின் விடையைப் படிக்குந்தோறும் அத்தேர் நம் நினைவுக்கு வருகின்றது.

இதிலே நகைப்புக்கிடமானதும் ஒன்றுண்டு. இலண்டன் நகரத்து இருசியத் தூதரகத்தில் இருந்த செயலாளர் ஒருவர் அங்குள்ள பத்திரங்களைச் செருமன் அரசுக்கு இரகசியமாக அனுப்பிக்கொண்டிருந்தார். ஆகவே கடற்படைப் பேச்சுப் பற்றிப் பேர்லின் நகர் நன்கு அறிந்திருந்தது. அங்குள்ள பத்திரிகையும் எழுதிவிட்டது. எவருக்கு மறைக்கவேண்டுமென்று கருதப்பட்டதோ அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதிருந்தவர் வெஸ்ட்மின்ஸ்டரில் வினாவெழுப்பிய பிரதிநிதிகளும் அவர்களை அனுப்பிய மக்களுமே.

ஏழு வாரத்துக்குச் சற்று மேற்பட்ட காலம் கழிந்து, 1914 ஓகஸ்ட் 3 ஆம் நாள், கிறே சபையின் முன் நின்று கம்போனுக்குத் தாம் எழுதிய கடிதத்தை வாசித்தார். அதன் இறுதி வாக்கியம் வாசிக்கப்படவில்லை. பிரான்சின் வடகரை காவலற்றிருப்பதை எடுத்துக்காட்டி, நம் கடமை யாதென்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்குமாறு வேண்டினார். மறுநாட் போர் தொடங்கிற்று. பெல்சியத்தின் மீது செருமானியர் படையெடுத்தமையே பிரித்தானியரைப் போருக்குட் புகுத்திற்று என்பதையும், யூன் மாதத்தில் உண்மை வெளிப்பட்டிருந்தாற் போர் நின்றிருக்குமென்று எவரும் உறுதி கூறவியலாது என்பதையும் நாம் மறுக்கவில்லை. நாம் கூறுவது வேறு. சபை சுதந்திரமானது என்று எட்டு ஆண்டு சொல்லிவந்தவர், இறுதி நாளில், மானமுள்ளவர் விலகமுடியாத ஒரு கடப்பாட்டைச் சபையின் முன் வைத்தார். சட்டத்தாற் கட்டப்படாத கைகளை மானத்தாற் கட்டிவைத்தபின், கட்டில்லை என்று காட்டுவதிற் பயன் என்ன? அவருடைய சகாக்களுள் மோர்லியும் பேண்சும் பதவி துறந்து வெளியேறினர்.

இரண்டாவது விடை 1956 ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு யூலை 26 இல் நாசர் சுயெசுக் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். ஓகஸ்டில் இலண்டனிற் கூடிய மாநாட்டிலே 22 நாடுகள் பங்குபற்றின. அவற்றுள் 18 நாடுகள் மேற்குநாட்டாரின் திட்டத்தை ஆதரிக்க, இந்தியாவும் இந்தோனேசியாவும் சோவியத்து நாடும் இலங்கையும் அதனோடு சேரவில்லை. திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் பிரித்தானியப் படைத்தளங்கள் இன்னும் இருந்த காலம் அது. அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது மறு ஆண்டிலேதான். ஆதலின் அவ்வேளையில் இலண்டனில் எது பேசப்பட்டதென்பது நமக்கும் சம்பந்தமற்ற விடயமன்று.

ஒக்டோபர் 22 ஆம் நாள் பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் செல்வின் லொயிட் எவரும் அறியாவண்ணம் பாரிசுக்கு அண்மையிலுள்ள செவ்ர் என்னும் ஊருக்குச் சென்று, அங்கு பிரான்சியத் தலைவரையும் இசுரவேலின் பிரதமர் பென் குரியனையும் சந்தித்தார். 24 ஆம் நாள் மூன்று நாட்டாரும் ஒரு பத்திரத்திற் கையொப்பமிட்டனர். இசுரவேல் எகிப்தைத் தாக்கும். பிரித்தானியாவும் பிரான்சும் சமாதானம் செய்விப்பார்போல இடையிற் புகுந்து கால்வாயைக் கைப்பற்றும்: இதுவே ஏற்பாடு. 29 ஆம் நாள் இசுரவேல் தாக்கிற்று. 30 ஆம் நாள் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 31 ஆம் நாள் லொயிட் சபையில் எழுந்து, இசுரவேலைத் தாம் தூண்டியதாகக் கூறுவது தவறு, முன்கூட்டிய உடன்பாடு எதுவும் இருக்கவில்லை என்றார். டிசெம்பர் 20 இல் பிரதமர் ஈடன், இசுரவேல் தாக்கப்போவது முன்னரே தமக்குத் தெரியாதென்றார். பத்திரத்தின் பிரதிகளை அழித்துவிடுமாறு வேண்ட, ஈடன் முன்னமே அலுவலரைப் பாரிசுக்கு அனுப்பியிருந்தார். பென் குரியனிடமிருந்த பிரதியோ அழியவில்லை; 40 ஆண்டு கழித்து, 1996 இல், அது வெளிவந்தது.

ஈடன் 1957 சனவரியிற் பதவி துறந்தார். லொயிட் 1960 வரை வெளிநாட்டமைச்சராகவே நீடித்தார். பின் 1971 தொடக்கம் 1976 வரை அதே சபையின் சபாநாயகராகவும் அமர்ந்தார். எச்சபைக்கு உண்மையை மறைத்தாரோ, அச்சபையின் ஒழுங்கைக் காக்கும் ஆசனத்தில்! இதற்கு மேல் ஒன்றும் கூற எமக்கு விருப்பமில்லை.

இவ்விருவருள் எவர் பிழை பெரிது? லொயிட்டினுடையதே என்று எவரும் சொல்வர். உள்ளதை இல்லை என்றார். ஆனால் நாம் கிறேயின் விடையையே கூடுதலாக அஞ்சுகின்றோம். அப்பட்டமான பொய்யைச் சொல்ல நல்லவர் கூசுவர். அகப்பட்டால் அழிவென்று தீயவரும் தயங்குவர். சொல்லளவில் மெய்யாகிய விடைக்கோ அவ்வச்சமும் கூச்சமும் இல்லை. அதனைச் சொல்பவர் இரவில் நன்றாக உறங்கலாம். அதனைத் திணைக்களத்திற் கற்பிக்கலாம். ஒரு தலைமுறையினின்று அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கலாம். அவ்வாறே கையளிக்கப்பட்டும் வருகின்றது.

இதற்கு மறுப்புரைப்போர், இரு நாட்டார் பேசும் இடத்தே எல்லாவற்றையும் சந்தியில் வைத்துச் சொல்லலாகாது என்பர். பேச்சு முற்றுமுன் வெளியிட்டாற் பேச்சே முறிந்துபோம் என்பர். குற்றமற்ற நன்மை விளையுமாயிற் பொய்யையும் மெய்யோடு ஒப்ப எண்ணலாம் என்று திருவள்ளுவரே கூறவில்லையா என்று நம் புலவர் சிலர் துணைக்கும் வருவர். நன்மை விளையும் இடத்தை வள்ளுவர் சுட்டியது மெய்யே. ஆனால் அந்நன்மை குற்றமற்றதா என்று தீர்ப்பளிப்பவர் யார்? மறைத்த அமைச்சரே தீர்ப்புக் கூறுவாராயின், அது வழக்காளியே நீதிபதியாக அமர்ந்ததாகும். நீதிபதி இருக்கவேண்டிய இடம் சபை. சபைக்கோ வழக்கு இருப்பதே தெரியாது.

மறைத்தல் வேறு, பிறழ உணர்த்துதல் வேறு. 'இவ்வினாவுக்கு இப்பொழுது விடையளித்தல் பொதுநலத்துக்கு ஏற்றதன்று' என்று அமைச்சர் எழுந்து சொல்லலாம். அது விரும்பத்தகாத விடையெனினும் நேர்மையான விடை. ஏதோ ஒன்று உண்டு என்பதைச் சபை அதனால் அறிந்துகொள்ளும். கிறே அன்று இவ்வாறு சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அவ்வாறு சொல்லின், பேச்சு நடைபெறுவதை ஒப்புக்கொண்டதாகும் என்பதனாலேயே. சபை அறிந்துகொள்ளும் என்பதே அவர்க்கு இடராயிற்று.

இவ்விடத்தில் நேருவை நினைத்தல் தகும். 1947 தொடக்கம் 1964 இல் மறையும்வரை அவரே பிரதமரும் வெளிநாட்டமைச்சருமாக இருந்தார். சீனர் அக்சாய் சின் வழியாக வீதி அமைத்ததை இந்திய அரசு 1958 ஒக்டோபரில் எழுத்து மூலம் பீக்கிங்குக்கு முறையிட்டிருந்தது. மக்கட் சபையோ அதனை அறிந்தது 1959 ஓகஸ்ட் இறுதியில். அவரும் மறைத்தவரே, அதற்காக அவர் கண்டனத்துக்கு உரியவரே. ஆயினும் சபை சினந்து வினவியபோது அவர் சொற்சிலம்பம் ஆடவில்லை. சில நாளில், செப்டெம்பர் 7 இல், இரு நாட்டாரும் மாற்றிக்கொண்ட குறிப்புக்களையும் கடிதங்களையும் வெள்ளை அறிக்கையாகச் சபையின் மேசைமீது வைத்தார். தொடர்ந்தும் அவ்வாறான அறிக்கைகள் பல வெளிவந்தன. அதனால் அவர் கைகள் கட்டப்பட்டன, சீனரோடு இணங்கிப்போக வழியில்லாது போயிற்று, 1962 இன் துன்பத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்று வாதிப்போர் உளர். அவ்வாதத்திற் சிறிது உண்மையும் இருக்கலாம். தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் அத்துணைச் சினமும் எழுந்திராது என்பது எமது விடை.

நம் நாட்டுக்கு வருவோம். சோல்பரி அரசியல் திட்டம் பாதுகாப்பையும் வெளிவிவகாரத்தையும் பிரதமரிடமே ஒப்படைத்திருந்தது. 1977 இல் ஏ. சி. எஸ். ஹமீது அவர்கள் பதவியேற்கும்வரை இந்நாட்டில் தனி வெளிநாட்டமைச்சர் இருந்ததில்லை. பிரதமர்க்கு ஆயிரம் அலுவல். வெளிநாட்டு விடயங்கள் ஆயிரத்தொன்றாவதாகப் பின்னே நிற்கும். 1960 இன் பின் நிலைமை இன்னும் விநோதமாயிற்று. பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அம்மையார் 1965 வரை செனற் சபை உறுப்பினராகவே இருந்தார். ஆதலின் மக்கள் தெரிந்தனுப்பிய பிரதிநிதிகள் சபையில் வெளிநாட்டமைச்சர் இல்லை. அப்பொறுப்பு 1960 இற் பாராளுமன்றக் காரியதரிசியாக நியமிக்கப்பட்ட பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்காவிடம் விடப்பட்டது. காரியதரிசி ஆற்றல் மிக்கவரே. எனினும் தாம் பேசாத பேச்சுக்குத் தாம் விடை கூறுதல், தூதுக்குத் தூது போவதை ஒக்கும்.

இது வெறும் முறைமை பற்றிய குறையன்று. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையை எண்ணிப் பார்க்க. மலையகத்து இந்திய வம்சாவளியினர் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரின் கதி பின்னர் தீர்க்கப்படும். 1974 இல் அவ்வெச்சமும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டது. தேயிலையை நிறுத்துப் பங்கிடுவதுபோல மனிதரைப் பங்கிட்ட இக்கணக்கைப் பற்றி வினவுதற்கு அவர்களுக்குப் பிரதிநிதிகள் எங்கே? 1948 இலும் 1949 இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் அவர்களிற் பெரும்பாலார் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்திருந்தனர். நியமன உறுப்பினராய்த் தொண்டமான் அவர்கள் சபையிலிருந்தார், அவ்வளவே. உடன்படிக்கை கைச்சாத்தாகி ஐந்து வாரம் நிறையுமுன், வேறொரு விடயத்தில், அரசாங்கம் ஒரே வாக்கினால் தோல்வியுற்றுப் பாராளுமன்றமும் கலைக்கப்பட்டது.

கச்சதீவு பற்றியும் ஒரு சொல். 1974 யூன் 26 இற் கொழும்பிலும் 28 இற் புதுடில்லியிலும் இரு பிரதமரும் கையொப்பமிட்டனர். இந்திய வெளிநாட்டமைச்சர் சுவரண் சிங் மக்கட் சபைக்கு அறிக்கை அளித்தது யூலை 23 இல். தமிழ்நாட்டு உறுப்பினராகிய இரா. செழியனும் மூக்கையாத் தேவரும் வன்மையாக எதிர்த்தனர். எதிர்த்தது முடிந்த காரியத்தை. தீவு எவருடையது என்பதில் நாம் இங்கு புகவில்லை. அது இலங்கையின் கடலெல்லைக்குள் அமைந்தமை நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அவ்வுடன்படிக்கையில் இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலத் தீவுக்கு வந்துபோகலாம் என்றொரு பிரிவு உண்டு. 1976 மார்ச்சில் மாற்றிக்கொள்ளப்பட்ட கடிதங்களோ, ஒரு நாட்டு மீனவர் மற்றை நாட்டுக் கடலில் மீன்பிடிக்கலாகாது என்கின்றன. இரண்டும் எவ்வாறு பொருந்தும் என்று துருவிக் கேட்கவேண்டிய நேரம் அது. அன்று இரு நாட்டிலும் அவசரகாலச் சட்டம். இந்திய எதிர்க்கட்சித் தலைவர் பலர் சிறையில். இன்று இழுவைப் படகுகளால் வலையிழந்து கரைசேரும் நம் வடமராட்சி மீனவரும், எல்லை கடந்தாரென்று பிடிபட்டுச் சிறையிருக்கும் இராமேசுவரத்து மீனவரும், கேட்கப்படாத அத்துணைவினாவின் விலையை ஒரு பங்கேனும் செலுத்திக்கொண்டிருக்கின்றனர்.

அமைச்சர்களை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. பைல்சும் கிங்கும் கேட்ட வினா கூரியது. குறை அவர்கள் அங்கு நின்றுவிட்டமையில். 'பேச்சு நடைபெறுகின்றதா, இல்லையா? ஒரு சொல்லில் விடை தருக' என்று அவர்கள் அன்று விடாது நின்றிருந்தாற் கிறேயின் நிலை யாதாயிருக்கும்? பிரித்தானியப் பொதுமக்கள் சபை, அமைச்சர் அறிந்துகொண்டே சபையைப் பிறழ உணர்த்தலாகாது என்று 1997 மார்ச்சில் தீர்மானம் நிறைவேற்றியது. நல்லதே. ஆயினும் தீர்மானத்தை மேசையில் வைத்துவிட்டு உறுப்பினர் உறங்கப்போனால் அது காகிதமே.

நமது கல்லூரி மாணவர் மன்றத்தின் மாதிரிப் பாராளுமன்றங்களில் நிதியமைச்சர் பதவிக்குப் போட்டி மிகுதி. வெளிநாட்டமைச்சராகப் பெரும்பாலும் நல்ல குரல் படைத்த ஒருவரை நிறுத்துகின்றோம். அவர் மனனஞ்செய்த சொற்பொழிவை ஒப்புவிக்கின்றார், கரகோஷம் எழுகின்றது. இனிவரும் ஆண்டில் அவர்க்கு ஒரு கோவையைக் கொடுத்து, அதில் ஓர் இரகசியத்தையும் வைத்து, எதிர்க்கட்சியார்க்கு அரைமணி நேரம் துணைவினா மட்டும் எழுப்ப இடங்கொடுத்துப் பார்க்குமாறு மன்றப் பொறுப்பாசிரியர்க்கு நாம் பணிந்து விண்ணப்பிக்கின்றோம். நடுவர், யார் அழகாகப் பேசினார் என்பதை விடுத்து, அமைச்சர் எந்த வினாவுக்கு விடை கூறாது விடை கூறினார் என்பதைக் குறித்துக்கொள்க.